புது கிளட்ச் ஏன் சரியாக உட்காருவதில்லை: அலிபிரி ஏற்றத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கிளட்ச் செட் புதிதாக மாற்றிய கார் சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. திருமலை மலையடிவாரமான அலிபிரி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது. இப்படி நேர்ந்தால் பழி பெரும்பாலும் வாங்கிய உதிரிபாகத்தின் மேல் விழும். ஆனால் கழற்றிப் பார்க்கும்போது தெரிவது வேறு. தகட்டில் எண்ணெய் படிந்திருக்கும், கேபிள் இறுகியிருக்கும், பிரஷர் பிளேட் ஒருபக்கமாக முடுக்கப்பட்டிருக்கும், அல்லது இந்தக் காருக்கே உரியதல்லாத தகடு உள்ளே இருக்கும். கிளட்ச் கோளாறுகளில் ஒரு பெரும்பகுதி பொருத்தும் நேரத்திலேயே உண்டாகிறது. கியர்பாக்ஸ் மேலேறி போல்ட் இறுகிய பிறகு அவை கண்ணுக்குத் தெரியாது.

திருமலை மலைப்பாதை இந்தக் குறைகளை வெளிக்கொண்டு வருவதற்குக் காரணம் உண்டு. 1944-இல் திறந்த முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்கும், 1974-இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஏறும் பாதை ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சராசரியாக 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 1,500 கிலோ எடை வரும் காரை எடுத்துக்கொள்ளலாம். குறைந்த வேகத்தில், சமதளத்தில் அதைத் தள்ள ஏறக்குறைய 180 நியூட்டன் விசை போதும். இந்தச் சராசரி ஏற்றத்தில் அதற்கு மேல் இன்னும் 590 நியூட்டன் தேவை; ஆகமொத்தம் நான்கு மடங்குக்கும் அதிகம். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தே ஆக வேண்டும். அப்போது எஞ்சின் தரும் முறுக்குவிசை முழுவதும் கிளட்ச் தகட்டின் வழியாகத்தான் போகிறது. சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக வந்த சாலை முழுக்கக் கேட்காத கேள்வியை மலை முதல் சில நிமிடங்களிலேயே கேட்டுவிடுகிறது. அதற்கும் முன்பாக அலிபிரி சோதனைச் சாவடி வரிசையில் அரை கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து தகடு சூடாகியிருக்கும். (2022 முதல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் இந்த மலையில் ஓட்டிவரும் மின்பேருந்துகளுக்கு இந்தக் கவலையே இல்லை, அவற்றில் கிளட்ச் கிடையாது.)

கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்தும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தகட்டின் உராய்வு, பிரஷர் பிளேட்டின் அழுத்தம், தகட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்கள் எத்தனை என்பது. சாதாரண கார்களில் முகங்கள் இரண்டு. ஆரம் தகட்டின் அளவோடு முடிந்துபோகிறது. மீதி உள்ள உராய்வும் அழுத்தமும்தான் பொருத்துபவர் கையில் இருக்கின்றன. விரலில் இருந்த கிரீஸ் தகட்டில் பட்டால் உராய்வு போயிற்று. பெடலில் இலவச ஆட்டம் இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்தம் போயிற்று.

வேலை தொடங்க வேண்டிய இடம் மேசை. பழைய செட்டையும் புதிய செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எதையும் காருக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது. பழையதைக் கழற்றியதும் குப்பையில் எறிவது பல பட்டறைகளில் பழக்கம். புதிய செட் காரில் ஏறி, ஓடிப் பார்த்து முடியும்வரை பழையதை வைத்திருப்பதே நல்லது, ஏனென்றால் அளவுக்கு நம்பகமான சாட்சி அதுதான். தகட்டின் வெளிவிட்டம், நடுவிலுள்ள ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, ஹப்பின் உயரம், அது எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்பது, பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகள், டவல் பின் துளைகள், டயாஃப்ரம் ஃபிங்கர்களின் உயரம், ரிலீஸ் பேரிங்கின் உள்விட்டமும் முகத்தின் வடிவமும் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வெளிவிட்டத்தில் ஐந்து மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குப் பட்டுவிடும். ஹப் உயரத்திலோ ஃபிங்கர் உயரத்திலோ உள்ள இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை அளக்காமல் கண்டுபிடிக்க முடியாது.

'அதே எஞ்சின்தானே, அதே கிளட்ச்தான்' என்ற நம்பிக்கை இங்கே பெரிய தவறுக்கு இடம் கொடுக்கிறது. இந்தியச் சாலைகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் ஆகியவற்றில் அது டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் இருந்தது. டாடாவின் இண்டிகா விஸ்டாவிலும் இண்டிகோ மான்சாவிலும் குவாட்ராஜெட் என்று வந்தது. ஃபியட் புன்டோவில் சொந்தப் பெயரிலேயே இருந்தது. கிளட்ச் எஞ்சினோடு மட்டும் பேசினால் போதாது. கியர்பாக்ஸோடும் பேச வேண்டும். கியர்பாக்ஸ் மாறினால் இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனும், ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயும், ஃபோர்க்கின் அமைப்பும் மாறலாம். ஒரே மாடலுக்குள்ளேயே ஆண்டு மாறும்போது உதிரிபாக எண் மாறுவதும் உண்டு. கடையில் கார் பெயரைச் சொல்லி வாங்குவதற்குப் பதிலாகச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாக எண்ணை எடுக்கச் சொன்னால் இந்தத் தொல்லையில் பாதி அங்கேயே தீரும். திருப்பதியில் தரிசனத்துக்கு வந்த இடத்தில் கிளட்ச் போய், அவசரத்தில் கையில் கிடைத்த செட்டை வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அளவுகள் ஒத்திருந்தாலும் ஒரு சோதனை பாக்கி. புதிய தகட்டை எடுத்து, வெளியே இருக்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் கையால் மாட்டிப் பார்க்க வேண்டும். தட்டாமல், தள்ளாமல், முழு நீளத்துக்கும் அது சறுக்கி ஓட வேண்டும். பக்கவாட்டில் தளர்ந்து ஆடவும் கூடாது. ஓரிடத்தில் பிடித்தால் ஸ்ப்ளைனில் துருவோ பிசிரோ இருக்கிறது, அல்லது தகடு வேறு காருடையது. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாததால் கியர்பாக்ஸை இரண்டாம் முறை இறக்க நேர்ந்தால் ஒரு நாள் கூலி போகும்.

அடுத்தது ஃபிளைவீல். நீல நிறப் புள்ளிகள், மயிரிழை விரிசல்கள், பழைய ரிவெட் கீறிய வட்டங்கள் ஆகியவை சூட்டின், தேய்மானத்தின் தடங்கள். முகம் கெட்டிருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் எடுக்கலாம். ஆனால் படி வைத்த ஃபிளைவீலில், அதாவது தகடு உராயும் முகமும் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும் வகையில், உராயும் முகத்தை மட்டும் சீவினால் அழுத்தம் குறைந்துவிடும். எவ்வளவு ஒன்றில் எடுக்கப்படுகிறதோ அவ்வளவையும் மற்றதிலும் எடுக்க வேண்டும். கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று வந்து, லேத் வேலையும் செய்து, திரும்பவும் ஸ்லிப் ஆகும் கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. பெரிய டீசல் கார்கள் சிலவற்றில் உள்ள இரட்டை நிறை ஃபிளைவீல் வேறு இனம். இவ்வகையை 1985-இல் ஜெர்மனியின் லுக் நிறுவனம் முதன்முதலில் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதைச் சாதாரண ஃபிளைவீல் போலச் சீவ முடியாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளின் ஆட்டம் எல்லை மீறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஃபிளைவீல் வெளியே தெரியும்போதே பின்பக்க கிராங்க் ஆயில் சீலையும், கியர்பாக்ஸின் முன் சீலையும் பார்த்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கசியும் சீலை விட்டுவிட்டுப் புதுத் தகடு போடுவது பணத்தைத் தரையில் கொட்டுவதற்குச் சமம். புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கும். பிரேக் கிளீனர் தெளித்து, சுத்தமான துணியால் துடைத்த பிறகுதான் அதைத் தகட்டின் மேல் வைக்கலாம். பெல் ஹவுசிங்கில் படிந்த கறுப்புத் தூளைக் காற்றடித்துப் பறக்கவிடுவது ஆபத்து. பழைய தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுப்பதுதான் வேலை செய்பவரின் நுரையீரலுக்கு நல்லது.

தகடு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்பதில் ஏற்படும் பிழை அடிக்கடி நடப்பது. பெரும்பாலான கார்களில் ஸ்பிரிங்குகள் துருத்தும் பக்கம் கியர்பாக்ஸை நோக்கி இருக்கும். ஃபிளைவீல் பக்கம் அல்லது கியர்பாக்ஸ் பக்கம் என்று தகட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டால் ஹப் ஃபிளைவீல் போல்ட் தலைகளில் இடிக்கும். சில கார்களில் பிரஷர் பிளேட் விளிம்பு வரை உட்காராமல் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். சிலவற்றில் இறுக்கும்வரை ஒன்றும் தெரியாது. எல்லாம் பூட்டி முடிந்த பிறகு பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் விழாது.

பிறகு சென்டர் போடுதல். தகட்டின் துளை, கிராங்க் முனையிலுள்ள பைலட் பேரிங், வரப்போகும் இன்புட் ஷாஃப்ட் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதற்கென்று டம்மி ஷாஃப்ட் கிடைக்கிறது; பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைப் பட்டறையில் வைத்திருப்பவர்களும் உண்டு. கண்ணளவில் நடுப்படுத்துவது அனுபவசாலிக்குச் சில நாள் கைகொடுக்கும், சில நாள் கைவிடும். பைலட் பேரிங் இல்லாத சின்னக் கார்களிலும் இந்தச் சரிபார்ப்பு தேவை. பிரஷர் பிளேட்டை டவல் பின்களில் நேராக உட்கார வைத்து, எல்லா போல்ட்டுகளையும் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று வீதம் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவர் வளைந்துவிடும். அந்த வளைவு மீளாது. ஃபிங்கர்கள் ஒரே மட்டத்தில் நிற்காமல் போய், வண்டி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் உதறும். முடிவு இறுக்கம் கார் கையேட்டில் உள்ளபடி, டார்க் ரெஞ்சால். சிறிய கார்கள் பலவற்றில் அது 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். பலம் கொண்ட மட்டும் முறுக்க வேண்டிய இடமில்லை. தானே சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட் என்றால் அதற்குரிய கருவி இல்லாமல் இறுக்கவே கூடாது. உள்ளே இருக்கும் சரிசெய்யும் வளையம் நகர்ந்துவிட்டால் புத்தம் புதிய கிளட்ச் பிரியாமல் நிற்கும்.

இனி, நேரமும் பொறுமையும் அதிகம் போகும் கட்டம்: கியர்பாக்ஸ் ஏற மறுப்பது. ஷாஃப்ட் உள்ளே போய்விட்டது. பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் இடையில் கடைசி 10, 15 மில்லிமீட்டர் மட்டும் மூடவில்லை. இந்த நேரத்தில் நீளமான போல்ட்டைப் போட்டு முடுக்கி இழுத்துவிடலாம் என்று கை துடிக்கும். கூடாது. கிளட்ச் வேலையில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைக்கலாம்: கியர்பாக்ஸ் கையால் தள்ளி உட்கார வேண்டும், போல்ட் அதைப் பிடித்து வைக்க மட்டுமே. இழுத்தால் தகட்டின் ஹப் வளையும், பைலட் பேரிங் நொறுங்கும், அல்லது அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும். தகட்டில் 0.5 மில்லிமீட்டருக்கு மேல் பக்கவாட்டு ஓட்டம் இருந்தாலே கிளட்ச் சுத்தமாகப் பிரியாது.

இடைவெளி ஏன் மூடவில்லை என்பதை இடைவெளியே சொல்லும். மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே சாய்வில் இல்லை. ஜாக்கை ஏற்றியோ இறக்கியோ நேராக்க வேண்டும். மவுண்டிங்கைக் கழற்றியதால் எஞ்சின் பின்பக்கம் தொங்கியிருக்கும் கார்களில் இது மிகச் சாதாரணம். சுற்றிலும் சமமாக இருந்து, ஷாஃப்ட் ஸ்ப்ளைனுக்குள் நுழையவே இல்லை என்றால் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டுகின்றன. கியரை நான்காவதில் போட்டு, கியர்பாக்ஸின் வெளியீட்டுப் பக்கத்தை மெதுவாகச் சுழற்றினால், அல்லது கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினால் பல் பள்ளத்தில் விழும். ஸ்ப்ளைன் ஏறிய பிறகும் கடைசிக் கொஞ்சம் நிற்கிறது என்றால் தகடு நடுவில் இல்லாததால் ஷாஃப்ட் முனை பைலட் பேரிங்கின் விளிம்பில் முட்டுகிறது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளைத் தளர்த்தி, திரும்ப சென்டர் போட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் மூடாவிட்டால் இடையில் ஏதோ அகப்பட்டிருக்கிறது: வயர், எர்த் கேபிள், மடங்கிய தகரப் பின்தட்டு, பாதி வெளியே வந்த டவல் பின். டவல் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று ஏற்றும் முன்பே பார்க்க வேண்டும். ஒன்று பழைய ஹவுசிங்கோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். அது இல்லாமலும் போல்ட் இறுகும், ஆனால் ஷாஃப்ட்டும் கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. சில ஆயிரம் கிலோமீட்டரில் தகட்டின் நடுப்பகுதி கிழிந்துவிடும்.

இந்தப் போராட்டம் முழுவதிலும் கியர்பாக்ஸின் எடை ஜாக்கின் மேல் இருக்க வேண்டும். ஷாஃப்ட் பாதி நுழைந்த நிலையில் அதைத் தொங்கவிட்டு டீ குடிக்கப் போவது, தகட்டை வளைக்க மிகச் சுலபமான வழி. வெளியே எந்தத் தடயமும் தெரியாது. பிறகு கியர் விழவில்லை என்று ஒரு வாரம் கேபிளைப் பழிசொல்லிக்கொண்டிருக்க நேரும்.

ரிலீஸ் பேரிங்கும் ஃபோர்க்கும் உள்ளே என்ன செய்கின்றன என்பதைக் கியர்பாக்ஸ் ஏறும்போது யாராலும் பார்க்க முடியாது. ஃபோர்க்கின் கிளிப்பில் பேரிங் பூட்டியிருக்கிறதா, ஃபோர்க் அதன் உருண்டைப் பிடிமானத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை முன்னதாகவே உறுதிசெய்துகொண்டு, ஏற்றி முடித்ததும் ஃபோர்க்கின் வெளிமுனையைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் இலகுவாக நகர்ந்து, பிறகு ஸ்பிரிங்கின் திடமான எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லையென்றால் பேரிங் நழுவிவிட்டது. இன்னும் மற்றவற்றைப் பூட்டுவதில் பயனில்லை. ஸ்ப்ளைனில் கிரீஸ் மிக மெல்லிய பூச்சாக மட்டும். தகட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, வழிந்து நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். நிக்கல் பூசிய ஹப்புக்கும் பிளாஸ்டிக் குழாயில் ஓடும் பேரிங்குக்கும் கிரீஸ் தேவையில்லை. போட்டால் அது தூளைச் சேர்த்துக்கொண்டு இறுகும்.

எல்லாம் பூட்டிய பிறகு கியர் விழவில்லை என்றால் உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். வெளியே சரிபார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கேபிள் வகையில் ஒரு விஷயம் அடிக்கடி மறந்துபோகிறது. தகடு தேயத் தேய டயாஃப்ரம் ஃபிங்கர்கள் பேரிங்கை நோக்கி வரும். அதனால் பெடல் ஆட்டம் குறையும். அதற்கு ஏற்ப மெக்கானிக் கேபிளைத் தளர்த்திக்கொண்டே வந்திருப்பார். புதிய, தடித்த தகடு போட்டதும் ஃபிங்கர்கள் ஃபிளைவீல் பக்கம் பின்வாங்கிவிடும். பழைய தகட்டுக்குத் தளர்த்திய கேபிளை அப்படியே விட்டால், பெடலின் பாதித் தூரம் சும்மா போய், கிளட்ச் முழுதாகப் பிரியாது. அதே நேரம் ஆட்டமே இல்லாமல் இறுக்குவது அதைவிடக் கேடு. அந்தக் கார் நகருக்குள் சிரமமில்லாமல் ஓடும், அலிபிரி ஏற்றத்தில் ஸ்லிப் ஆகித் தகட்டை எரித்துக்கொள்ளும். கையேடு சொல்லும் இலவச ஆட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து வைப்பதே சரி.

ஹைட்ராலிக் வகையில் முதல் சந்தேகம் காற்று. பெடலை நான்கைந்து முறை அடுத்தடுத்து மிதித்த பிறகு கியர் விழுகிறது, ஒரு முறை மிதித்தால் விழவில்லை என்றால் லைனில் ஏர் இருக்கிறது. பிளீடிங் செய்து ஏர் எடுத்து, கையேடு குறிப்பிடும் வகை பிரேக் ஆயிலை நிரப்பினால் தீரும். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே ஷாஃப்ட்டைச் சுற்றி இருக்கும் கார்களில், கியர்பாக்ஸ் பூட்டும் முன் பெடலை மிதிக்கக் கூடாது. எதிர்ப்பில்லாமல் வெளியே ஓடிவந்தால் அதன் சீல் கெடும்.

கிளட்ச் பிரிகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. எஞ்சின் ஐடிலில் இருக்க, பெடலை முழுக்க மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் தகடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேபிள் சரியாக இருந்தும், லைனில் ஏர் இல்லாமலிருந்தும் சத்தம் நிற்காவிட்டால்தான் திருப்பிப் போட்ட தகடு, வளைந்த ஹப், ஸ்ப்ளைனில் பிடித்தல் ஆகிய உள்காரணங்களுக்குப் போக வேண்டும். கிளம்பும்போது உதறினால் முதலில் எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். கழற்றியவை அரைகுறையாக நிற்பதுண்டு. பெடலை மிதித்தால் மட்டும் வரும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கினுடையது. ஸ்லிப் இருக்கிறதா என்பதை வெறிச்சோடிய சமதளச் சாலையில் நான்காம் கியரில், நடுத்தர வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் சுற்று மட்டும் எகிறி, வேகம் பின்தங்கினால் மலைக்குப் போக அந்தக் கார் தயாரில்லை.

புதிய தகடும் ஃபிளைவீலும் ஒன்றுக்கொன்று முகம் பழகச் சில நூறு கிலோமீட்டர் நகர ஓட்டம் தேவை. அதுவரை முழு முகமும் தொடாமல் ஆங்காங்கே மட்டும் தொடும். தொடும் இடம் அதிகம் சூடாகும். திருப்பதியில் மாலை கிளட்ச் மாற்றி, மறுநாள் விடியற்காலை ஏழு பேரோடு மலையேறுவது அந்தத் தகட்டுக்குச் செய்யும் அநீதி. தவிர்க்க முடியாத நிலையில் ஆட்களைக் குறைத்து, மீதிப் பேரை அலிபிரியிலிருந்து பேருந்தில் அனுப்பலாம். ஏற்றத்தில் நின்று கிளம்பும் இடங்களில் கைபிரேக்கைப் போட்டு நின்று, முதல் கியரில் கிளம்பியதும் பெடலை முழுதாக விட்டுவிட வேண்டும். அரை கிளட்சில் காரை நிறுத்தி வைக்கக் கூடாது. இறங்கும்போது முதல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் கியரிலேயே இறங்கி, கிளட்ச் பெடல் மேல் கால் வைக்காமலிருந்தால் பிரேக்குக்கும் பளு குறையும், புதிய ரிலீஸ் பேரிங்கும் வீணாகச் சுற்றாது. கீழே வந்ததும் கேபிள் கார்களில் பெடல் ஆட்டத்தை இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் தகடு படியும்போது அது சற்றுக் குறைந்திருக்கும்.